பால் கட்டின ஆளி

தஞ்சாவூர்ல இருந்து மாயவரம் போற பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க யாராவது "என்ன வேலைம்மா பாக்குறீங்க?"ன்னு கேட்டா, "ஆராய்ச்சி"ன்னு சொல்லுவேன். "நெல்லுங்களா?"ம்பாங்க. இந்தச் சீமையில ஆராய்ச்சின்னா நெல்லுதான், வேற என்ன இருக்கு? "இல்லீங்க, சிப்பி"ன்னு சொன்னதும் முகம் மலரும். "முத்தா?" "முத்துச் சிப்பி இல்லீங்க, திங்கிற சிப்பி. கடற்கரைப் பக்கம் ஆளின்னு சொல்லுவாங்க. அதுக்கு வர்ற நோயைப் பாக்குறேன்." அதோட பேச்சு அடங்கிடும். ஜன்னல் பக்கம் திரும்பிடுவாங்க. ஒரே ஒரு பெரியவர் மட்டும் விடாம, "ஏம்மா, சிப்பிக்குக் காய்ச்சல் வந்தா அது எப்படிம்மா சொல்லும்?"னு கேட்டார். கிண்டலாத்தான் கேட்டார். ஆனா அதைவிட நல்ல கேள்வியை எந்தக் கருத்தரங்குலயும் என்கிட்ட யாரும் கேக்கலை.

நீங்க எல்லாம் இந்த வேலைக்குப் புதுசு. மைக்ராஸ்கோப்புக்குச் சதையை மெல்லிசாச் சீவறது, சாயம் ஏத்தறதெல்லாம் என்னைவிட நல்லாவே உங்களுக்குத் தெரியும். இப்ப பாதியை மெஷினே செஞ்சிடுது. அதைச் சொல்ல நான் எதுக்கு? நான் சொல்ல வந்தது, நான் பண்ணின ஒரு தப்பை. ரிட்டையர் ஆன அன்னைக்கு மாலை போட்டு, என் சாதனைன்னு ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் வாசிச்சாங்க. இது அதுல இல்லை.

எங்க நிலையம் கொள்ளிடம் கடல்ல சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் தெக்கால. நாலு அறை, ஒரு வேன். மத்தவங்க எல்லாரும் இறால், மீன். சிப்பிக்கு நான் ஒருத்திதான். மைக்ராஸ்கோப்புல ஏதாவது புதுசாத் தட்டுப்பட்டா, "இங்க வந்து ஒரு தடவை பாருங்களேன்"னு கூப்பிட மனசு அடிச்சுக்கும். கூப்பிட்டா வருவாங்க, குனிஞ்சு பாப்பாங்க, "நல்லாருக்கு மேடம்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. என்னத்தை நல்லாருக்கு? நான் பார்த்துக்கிட்டிருந்தது ஒரு நோயை! வீட்டுக்கு வந்தா வீட்டுலயும் ஆள் கிடையாது. நான் கல்யாணம் பண்ணிக்கலை. காரணம் பெருசா ஒண்ணுமில்லை, தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு வயசு போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போனா, பாட்டுப் புஸ்தகத்தைப் பகிர்ந்துக்கக்கூட பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. இதைப் பரிதாபத்துக்குச் சொல்லலை. அந்தத் தப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால சொல்றேன்.

நிலையத்துல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு கழி. கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலந்து நிக்கிற இடம். அங்க பன்னெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஆளி வளர்த்தாங்க. மூங்கில் பந்தல் கட்டி, பழைய ஆளி ஓடுங்களைக் கயித்துல கோத்துத் தண்ணிக்குள்ள தொங்க விடுவாங்க. தண்ணியில மிதக்கிற ஆளிக் குஞ்சுங்க அந்த ஓட்டுல வந்து ஒட்டிக்கும். அதைத்தான் விதைன்னு சொல்றது. விதை விழுந்தா அந்த வருஷம் பொழப்பு உண்டு, விழலைன்னா இல்லை. அந்தக் குழுவுக்குத் தலைவி தையல்நாயகி. புருஷன் வலைக்குப் போனவர், படகுக்கும் கரைக்கும் நடுவுல கால் மாட்டி ஒடிஞ்சதுல இருந்து வீட்டோட இருந்தார். குடும்பம் முழுக்க அந்தக் கழியை நம்பித்தான் இருந்துச்சு.

ஒரு வருஷம் விதை ரொம்பக் குறைஞ்சு போச்சு. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வடக்கால இன்னொரு கழி இருக்கு, அங்க பெரிய பெரிய ஆளி கிடக்கும். முட்டை முத்தின தாய் ஆளியா ஒரு வேன் நிறைய கொண்டாந்து நம்ம கழியில போட்டா, அது இங்க பொரிச்சு விதை பெருகும்னு நெனச்சேன். தப்பான யோசனை இல்லை. பல ஊர்ல செய்யறதுதான். ஆனா ஒரு கழியில இருந்து இன்னொரு கழிக்கு உயிரைக் கொண்டு போகும்போது முதல்ல பத்து இருபதை லேப்புக்கு எடுத்துட்டுப் போய், சீவி, சாயம் ஏத்தி, நோய் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். அதுக்கு ஒரு வாரம் ஆகும். இந்த விதியை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்!

அந்த ஒரு வாரம் எங்ககிட்ட இல்லைன்னு நான் நெனச்சேன். மழை இறங்கப் போற நேரம். மழை இறங்கினா ஆத்துத் தண்ணி பெருகி உப்பு குறைஞ்சு போயிடும், பருவம் தப்பிடும். வேனையும் மத்தியானத்துக்குள்ள திருப்பி அனுப்பணும், யாரோ ஆய்வுக்கு வர்றாங்களாம். சரி, இங்கயே திறந்து பாத்துடுவோம்னு முடிவு பண்ணினேன். தையல்நாயகி கூட வந்திருந்தார். வடக்குக் கழி அவருக்கு அத்தை ஊரு. கரையில குத்துக்கால் போட்டு உக்காந்து, கத்தியைச் சந்துல விட்டு ஒரு திருகு, ஒரு பத்து ஆளியைத் திறந்து வரிசையா வச்சார். உள்ள கெட்டியா, வெள்ளையா, ஓடு கொள்ளாம சதை. பாத்ததும் எனக்கு மனசு நிறைஞ்சுடுச்சு.

"பால் கட்டியிருக்கும்மா"ன்னார் தையல்நாயகி.

நான் நெல்லுக்காரர் மக. மாயவரத்துக்குக் கிழக்க எங்க அப்பாவுக்குக் குத்தகை நிலம். கதிர் பால் கட்டியிருக்குன்னு அப்பா வயல்ல இருந்து வந்து சொன்னார்னா, அன்னைக்கு வீட்டுல யாருக்கும் திட்டு கிடையாது. அதுக்கு அப்புறம் எலியும் மழையும் வராம இருந்தாப் போதும், வீடு நிறைஞ்சிடும். அந்த வார்த்தை காதுல விழுந்தா எனக்கு இன்னைக்கும் கண்ணு முன்னாடி வர்றது கதிர்தான்.

"ரொம்ப நல்லது. ஏத்துங்க"ன்னேன்.

தையல்நாயகி கத்தியைப் பிடிச்ச கையோட என்னை நிமிர்ந்து பாத்தார். "ஏத்தவாம்மா?"

"அதான் சொல்றேன்ல, ஏத்துங்க. தண்ணி ஏறுது பாருங்க."

ஏத்தினாங்க. வேன் பின்னாடி மூட்டை மூட்டையா. போற வழியிலயே படிவத்தை மடியில வச்சு எழுதினேன். இனப்பெருக்கப் பக்குவம்: நிறைவு. நோய் அறிகுறி: இல்லை. கீழ என் கையெழுத்து. பள்ளத்துல வேன் குதிச்சதுல கையெழுத்து கோணிப் போச்சு, அதுக்குச் சிரிச்சுக்கிட்டேன் வேற.

அந்தப் பருவம் விதை விழலை. மழை அதிகம்னு சமாதானம் சொன்னேன். அடுத்த பருவமும் விழலை. கயித்தை இழுத்துப் பார்த்தா ஓட்டுல பாசியும் சேறும்தான் இருந்துச்சு. பந்தல்ல முன்னாடி வருஷத்துது பாதி வளர்ந்து தொங்குது, அதுக்குப் பின்னாடி வர்றதுக்கு ஒண்ணுமில்லை. தையல்நாயகி ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. "அடுத்த மாசம் பாப்போம்மா"ன்னு மட்டும் சொல்லுவார்.

பொரிச்சு முடிஞ்சு எல்லா ஆளியும் வத்திப் போய்க் கிடக்க வேண்டிய மாசம் அது. தாய் ஆளியில ஒண்ணைத் திறந்தேன். கொண்டாந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே கெட்டியா, வெள்ளையா இருந்துச்சு. பிரசவம் ஆன வீட்டுல வயிறு இறங்கலைன்னா யாரும் சும்மா இருப்பாங்களா? துளி எடுத்துக் கண்ணாடித் துண்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். முட்டை இல்லை, விந்து இல்லை. சேமியா பாயசம் மாதிரி வெள்ளை நூலாப் பின்னிக் கிடக்கு. நூலுக்குள்ள பொடிப் பொடியாப் புழு, மாட்டுக் கொம்பு மாதிரி ரெட்டை வாலை ஆட்டிக்கிட்டு. அது ஒரு தட்டைப்புழு. ஆளிக்குள்ள முட்டையும் விந்தும் ஊறுற இடத்தைத் தின்னு தீர்த்துட்டு, அந்த இடத்துல தானே குடியேறிடும். ஆளி உடனே சாகாது. கொழுகொழுன்னுதான் இருக்கும். ஆனா ஒரு குஞ்சு பொரிக்காது. புழு அங்கிருந்து சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்ன பெரிய மீனுக்குப் போய், திரும்பவும் ஆளிக்கு வரும். எங்க கழியிலயே பிறந்த ஆளியை எடுத்துத் திறந்தேன். எல்லாத்துலயும் இல்லை. ஆனா சிலதுல இருந்துச்சு.

ஸ்டூல்ல அப்படியே உக்காந்துட்டேன். நான் கொண்டாந்தது தாய் இல்லை, நோய். அந்தப் பன்னெண்டு பேர் பொழப்புல என் கையால கொண்டாந்து கொட்டியிருக்கேன். பக்கத்து அறையில சிரிப்புச் சத்தம், யாருக்கோ பிறந்தநாள் கேக். எழுந்து போய்ச் சொல்லலாம்னா யார்கிட்ட சொல்றது? "நல்லாருக்கு மேடம்"னுட்டாங்கன்னா?

எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக் கொடுத்த சார் ஒருத்தர் இருந்தார். அவரும் கடற்கரைக்காரர். ரிட்டையர் ஆகி ஊரோட இருந்தார். ஸ்லைடைப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பிட்டுக் கூப்பிட்டேன்.

"படம் வந்திருக்குன்னு மருமக சொன்னா. எனக்குக் கண்ணு போய் ஒரு வருஷம் ஆகுதே, உனக்குத் தெரியாதா?"ன்னார்.

ஒரு வருஷமா நான் அவரைக் கூப்பிடலைங்கிறதே அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"பரவால்ல, நீ பாத்ததைச் சொல்லு. கேக்குறேன்."

சொன்னேன். நூல், வால், எல்லாம் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு, "அதானா சார்?"ன்னேன். எனக்கு ஒரு ஆமா வேணும். வேற யாராவது ஒருத்தர் வாயில இருந்து அது வரணும்.

"ஏம்மா, நீ சொன்னதை வச்சு நான் சொல்லி, அதை நீ நம்பப் போறியாக்கும்?" கோவப்பட்டார். அப்புறம் குரல் இறங்குச்சு. "அங்க ஏத்தறப்ப திறந்து பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"யாரு திறந்தா?"

"குழுத் தலைவி. அந்தக் கழியில பழகினவங்க."

"பாத்துட்டு அவ என்ன சொன்னா?"

"பால் கட்டியிருக்குன்னு."

"உனக்குக் கூடப் பிறந்த பொண்ணுங்க யாரும் இல்லைல?"ன்னார்.

"இல்லை சார். அண்ணன் மட்டும்தான்."

"யாராவது பிள்ளை பெத்தவளைக் கேளு, பால் கட்டிக்கிட்டா என்னன்னு."

போனை வச்சேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லைங்க அது. பிள்ளை வாய் வைக்காம மார்ல பால் கட்டிக்கிட்டா காய்ச்சலே வந்துடும்னு கேள்விப்பட்டிருக்கேன். மல்லிகைப் பூவை வச்சுக் கட்டுவாங்கன்னுகூடத் தெரியும். ஆனா அது எனக்குக் காதால வந்தது. உடம்பால வந்தவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு திக்குன்னிருக்கும். ஒரு வீட்டுல நாலு பொம்பளைங்களோட இருந்திருந்தாலாவது எனக்கு ரெண்டு அர்த்தமும் ஒண்ணா வந்திருக்கும். எனக்கு வந்தது வயல் மட்டும்தான். அன்னைக்கு அந்த அறையில நான் தனியா இருந்த மாதிரி அதுக்கு முன்னாடியும் இருந்ததில்லை, பின்னாடியும் இருந்ததில்லை.

மறுநாள் காலையில தையல்நாயகி வீட்டுக்குப் போனேன். வாசல்ல பழைய வலை சுருட்டிக் கிடந்துச்சு. உக்காரச் சொன்னார், உக்காரலை. "அன்னைக்கு வடக்குக் கழியில பால் கட்டியிருக்குன்னு சொன்னீங்களே. அது நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுதாம்மா." யோசிக்கவே இல்லை. "நல்ல பாலுன்னா விரல்ல தொட்டா வழியும். இது இழுத்தா நூலா வரும், வெளிய வராது. அத்தை ஊருல அதைத் தூக்கிப் போட்டுடுவோம்."

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லலை?"

"சொன்னேனேம்மா."

அவரே தொடர்ந்தார். "நீங்க ரொம்ப நல்லதுன்னீங்க. எனக்குத் திக்குன்னு ஆச்சு, ஏத்தவான்னு ரெண்டாந்தரமும் கேட்டேன். ஏத்துன்னீங்க. படிச்சவங்களாச்சே, நமக்குத் தெரியாத ஏதோ வைத்தியம் வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." அப்புறம், "என்னம்மா, புழுவா?"ன்னார். அவருக்கு மைக்ராஸ்கோப்பு தேவைப்படலை.

மேலதிகாரிகிட்ட போனேன். கெட்ட மனுஷன் இல்லை, அவசரமில்லாத மனுஷன். "இது தின்னா மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல மேடம்? அப்புறம் என்ன? தாய் ஆளியை மட்டும் சத்தமில்லாம எடுத்துடுங்க. உப்பு குறைஞ்சதால விதை விழலைன்னு எழுதிடலாம். உங்க பேரும் கெடாது"ன்னார். எனக்கு நல்லதுன்னுதான் சொன்னார். அதுல இருந்த சௌகரியம்தான் என்னைப் பயமுறுத்துச்சு. சொந்தக் கழி ஆளியிலயே புழு ஏறியாச்சு. தாயை மட்டும் எடுத்தா மிச்சம் அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும். கழியில இருக்கிற பெரிய ஆளி அத்தனையையும் எடுத்துட்டு ரெண்டு பருவம் சும்மா போட்டா, ஆளிக்கும் மீனுக்குமாப் புழு சுத்துற சுத்து அறுந்து போகும்னு என் கணக்கு. ஆனா அது பன்னெண்டு பேரை ரெண்டு வருஷம் வீட்டுக்கு அனுப்பற கணக்கு. சரியான்னு கேக்க ஒரு ஜீவன் இல்லை. ஒரு மத்தியானம் பூரா உக்காந்து யோசிச்சு, நானே முடிவு பண்ணினேன். என் தப்பையும் எழுதி, கழியைக் காலி பண்ணணும்னும் எழுதிக் கொடுத்தேன்.

கரையில பந்தல் நிழல்ல பன்னெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னேன். "இது என் தப்பு. நான் பாக்காம ஏத்தினேன். தையல்நாயகி சொன்னதை நான் புரிஞ்சுக்கலை." ஒருத்தர் மண்ணை வாரித் தூத்தினார். இன்னொருத்தர், "உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும், எங்களுக்கு?"ன்னு கத்தினார். கேக்க வேண்டிய கேள்விதானே? தையல்நாயகி மட்டும், "ரெண்டு வருஷம் நாங்க என்னம்மா பண்றது?"ன்னு மெதுவாக் கேட்டார். "எனக்குத் தெரியலை"ன்னேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு முதல் ஆளாத் தண்ணியில இறங்கினார். பின்னாடியே மத்தவங்க. நானும் இறங்கினேன். யாரும் என்கிட்ட பேசலை. நாலு நாள் எடுத்தோம். விக்க முடிஞ்சதை வித்தாங்க, மிச்சத்தைத் தண்ணிக்கு எட்டாத மேட்டுல குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம்.

அப்புறம் ஒவ்வொருத்தரா ஒரு பக்கம் போனாங்க. சிலர் கருவாட்டுக்கு, சிலர் கீழ்வேளூர் பக்கம் நடவுக்கு. தையல்நாயகி புருஷனையும் மகளையும் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டார். போகும்போது வந்து சொல்லிட்டுத்தான் போனார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. திட்டிட்டுப் போயிருக்கலாம்.

முழுக் கழியையும் காலி பண்ணினது சரியா? இன்னைக்கும் எனக்குத் தெரியாதுங்க. தாயை மட்டும் எடுத்து, மாசா மாசம் பாத்துக்கிட்டே வந்திருந்தா போதுமா இருந்திருக்குமோன்னு சில நாள் தோணும். முதல் முடிவை அவசரத்துல எடுத்தேன். ரெண்டாவதை, முதல் தப்போட பயத்துல எடுத்தேனோ என்னவோ. சூடு கண்ட பூனையா இருந்தேன். தப்பு பண்ணினவங்க அடுத்த முடிவை எடுக்கறப்ப, பக்கத்துல இன்னொரு ஆள் இருக்கணும். உங்களுக்கு அப்படி ஒரு ஆளை இப்பவே தேடிக்கோங்க. அது டாக்டர் பட்டம் வாங்கின ஆளாத்தான் இருக்கணும்னு இல்லை. அந்த ஆள் பேசற பாஷை என்னன்னு கேட்டுக் கத்துக்கோங்க. தமிழ்தானே, நமக்குத் தெரியாதான்னு இருந்துடாதீங்க. நான் இருந்தேன்.

மாசா மாசம் நான் ஒருத்தியாக் கழிக்குப் போய் ஓடுங்களைக் கட்டித் தொங்க விட்டு எடுத்துப் பாப்பேன். பாசி, சேறு, பாசி, சேறு. ரிட்டையர் ஆக நாலு மாசம் இருக்கறப்ப ஒரு நாள் கயித்தை இழுத்தேன். ஓடு பூரா நகக்கண்ணு அளவுல விதை. கரையில நின்னு ஓன்னு அழுதேன். அப்புறம், பொடிசுன்னு அன்னைக்கு விட்டு வச்சதுல பாறையில பெருசா வளர்ந்து நின்ன ஆளியில நாலைப் பேத்துத் திறந்து வச்சுக்கிட்டு, திருப்பூருக்குப் போன் போட்டேன்.

"தையல்நாயகி, விதை விழுந்திருக்கு. ஓடு முழுக்க!"

"சந்தோஷம்மா." பின்னாடி தையல் மெஷின் சத்தம்.

"வந்துடுங்க. பன்னெண்டு பேரையும் திரும்பச் சேர்த்துடலாம்."

"யாரும்மா இருக்கா அங்க? ஆளுக்கு ஒரு பக்கம் போயாச்சு. மக இங்கயே காலேஜ் சேர்ந்துட்டா. நான் வரலைம்மா."

"நாலு பெரிய ஆளி திறந்து வச்சிருக்கேன்"னேன். "பால் இருக்கு. விரல்ல தொட்டா வழியுது, நூலா வரலை. நீங்க சொல்லுங்க, இது நல்ல பாலா?"

"நல்ல பாலுதாம்மா"ன்னார். அப்புறம், கோவமே இல்லாம, "இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமேம்மா"ன்னார்.

ஆமான்னு நான் சொல்றதுக்குள்ள அங்க பெல் அடிச்சுது, போனை வச்சுட்டார்.